அண்ணன் பெயரில் பதினாறு வருஷம்

1

சான்றிதழ் தபாலில் வந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. அன்றைய டைரிக் குறிப்பு இது: "சனி. மேகமூட்டம். தபால் காலை 7.45. சான்றிதழ் வந்தது. உறை மடங்கவில்லை."

மருத்துவப் பொறியியலில் பட்டதாரிச் சான்றிதழ் என்று மேலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நடுவில் கறுப்பு மையில் கையால் என் பெயரை எழுதியிருந்தார்கள்: மரியதாஸ் சின்னப்பன். என் சொந்தப் பெயரில் நான் வாங்கிய முதல் தொழில் சான்று அது. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று.

என் மனைவி ஜெயமேரி அதை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து கம்பளிகளுக்கு அடியில் வைத்தாள்.

"சுவத்துல மாட்ட வேணாங்க. மாட்டினா தெனமும் அவரு மொகத்துல முழிக்கிற மாதிரி இருக்கும்."

அவர் என்று சொன்னது என் அண்ணன் சூசையை.

கோலார் தங்கவயலிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில், இந்தப் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது, என்ன தகுதி வேண்டும், இந்த வயதில் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுத இயலாததால் இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. அதோடு நான் இணைத்து அனுப்பிய ஒரு பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைப் புகை இன்னும் சுவர்களில் இருக்கிற ஓர் ஊர். 1965இல் வந்தேன். காலை ஆறு பத்துக்குப் பேருந்து. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் உள்ள பணிமனையில் இருப்பேன். கத்திகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரங்கள், சளி உறிஞ்சும் பம்புகள், இதயத் துடிப்பைக் கோடாக வரையும் பெட்டிகள் என்று பழுதான எல்லாம் அங்கே வரும். நான் பிரித்துச் சரிசெய்வேன். "சோதித்தேன், நோயாளிக்குப் பயன்படுத்தலாம்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் எனக்கில்லை. அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

1970 டிசம்பரில் ஒரு நாள் மூச்சுக் கொடுக்கும் மெஷின் ஒன்று நின்றுபோனது. நாற்பது நிமிஷத்தில் சரிசெய்துவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வந்து சேர இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. அதுவரை நர்ஸுகள் ஆள் மாற்றி ஆள் கையாலேயே ரப்பர் பையை அமுக்கி அந்த நோயாளிக்கு மூச்சுக் கொடுத்தார்கள். நல்லபடியாக ஓடக்கூடிய மெஷின் அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் பணிமனைத் தலைவரிடம் கேட்டேன். ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, வாரத்தில் புதன்கிழமை மட்டும் கல்லூரி, ஆஸ்பத்திரியே அனுப்பும் என்றார். பட்டம் பெற்றவர்கள் சேரலாம். பட்டம் இல்லாதவர் ஆஸ்பத்திரிக் கருவிகளில் பத்து வருஷம் வேலை செய்ததற்குச் சான்று தர வேண்டும்.

தங்கவயலின் சுரங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினையும் மற்றக் கருவிகளையும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவன் நான். அதற்கு முன் கம்பெனியின் எலக்ட்ரிக்கல் ஒர்க் ஷாப். இரண்டும் சேர்ந்து பதினாறு வருஷம்; இங்கே ஆனது ஐந்துதான். கம்பெனி கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட்டும் பத்திரமாக இருந்தது. ஆனால் அதில் இருந்த பெயர் சூசை.

3

தங்கவயலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா சின்னப்பன் எலக்ட்ரிக்கல் ஒர்க் ஷாப்பில் இருந்தார். உடம்புக்கு முடியாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, வழக்கப்படி மூத்த மகன் சூசைக்கு அவர் இடம் கிடைத்தது. மேலே, வெளிச்சத்தில் செய்கிற வேலை. அதே சமயம் சுரங்கத்துக்குள் இறங்கவும் ஆள் எடுத்தார்கள். வீட்டில் இரண்டு சம்பளம் வேண்டியிருந்ததால் என் பெயரையும் கொடுத்திருந்தோம். டாக்டர் நெஞ்சளவு எடுப்பார். என் நெஞ்சு தேறாது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு அண்ணன் போய் என் பெயரைச் சொல்லி நின்றார். தேர்வாகிவிட்டது.

ஒரே வாரத்தில் வேலைக்கான இரண்டு டிக்கெட்டும் வந்தன. ஒர்க் ஷாப் டிக்கெட் சூசை பெயரில், சுரங்க டிக்கெட் மரியதாஸ் பெயரில். அண்ணன் இரண்டையும் பாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் நெஞ்சுல கைய வச்சா முதுகு தட்டுது. நீ எறங்கினா மொத ஷிப்ட்லயே தூக்கினுதான் வரணும். அத்த இப்டி குடு."

"அண்ணா, அதுல என் பேரு இருக்குதே."

"பேரு எறங்கட்டும்டா. நீ எறங்காத."

மறுநாளிலிருந்து அவர் மரியதாஸாகக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போனார். நான் சூசையாக ஒர்க் ஷாப்புக்குப் போனேன். கம்பெனி வீட்டு வரிசையான எங்கள் லைனில் இப்படி இன்னும் நாலைந்து வீடுகள் இருந்தன. மேஸ்திரிக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். சம்பள ஜன்னலில் "சூசை" என்று கூப்பிட்டால் நான் போவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் "சூசை" என்றால் அண்ணன் திரும்பிப் பார்ப்பார். லில்லி அண்ணிக்கு அவர் மேல் கோபம் வந்தால் மட்டும், "மிஸ்டர் மரியதாஸ், களி ஆறுது, வர்றீங்களா?" என்பார்.

1956இல் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தபோது, இப்போதாவது பெயரைத் திருத்திக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"திருத்தினா உன்ன எறக்குவான். சும்மா கெட" என்றார்.

சுரங்க ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகு, கீழே வேலை செய்கிறவர்களின் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கும்போது நான் மெஷின் பக்கத்தில் இருப்பேன். கல் தூசி இறங்கியவர்களின் படத்தில் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நான் புறப்படுவதற்கு முந்தின வருஷம் அண்ணனின் படத்தையும் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்பக்கத்தில் கொஞ்சம் தூவியிருந்தது. அவரிடம் சொன்னேன். "கீழ போறவனுக்கு எல்லாம் இருக்கும்" என்றார். நானும் கப்பல் ஏறினேன்.

ஞானஸ்நானச் சீட்டையும் பள்ளிச் சான்றிதழையும் காட்டி மரியதாஸ் என்ற பெயரில் பாஸ்போர்ட் வாங்கினேன். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழுதைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார்கள், செய்தேன், எடுத்துக்கொண்டார்கள். சர்வீஸ் சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை.

4

1971 மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சமையலறை மேசையில் விண்ணப்பத்தை விரித்தோம். தட்டச்சு செய்தது என் மகள் ஸ்டெல்லா. எட்டு வயதில் இங்கே வந்தவள், அப்போது பதினாலு. நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் சொன்னதை நானே தமிழில் எழுதுகிறேன்.

"வேறு பெயரில் வேலை செய்திருந்தால் குறிப்பிடவும்" என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது.

"சூசை மரியதாஸ்னு ஒரே பேரா போட்டுடுங்க" என்றாள் ஜெயமேரி. "வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும்? அவன் நம்ம பேர ஒரு நாளாச்சும் ஒழுங்கா கூப்பிட்டுகிறானா?"

"அது பொய்."

"பதினாறு வர்ஷம் சூசைன்னு கையெழுத்து போட்டு சம்பளம் வாங்கினீங்களே, அது இன்னாவாம்? வேதமா?"

ஸ்டெல்லா தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டாடி, அவங்க ஒரு வரிதான் விட்டிருக்காங்க. நீங்க ஏன் ஒரு பக்கம் எழுதறீங்க?" என்றாள்.

ஒரு பக்கம் எழுதினேன். பதினோரு குறிப்புகள். எந்த வருஷம், எந்த மாதம், எந்த டிக்கெட் எண், யார் எங்கே வேலை செய்தது, எதனால் மாற்றிக்கொண்டோம் என்று வரிசையாக. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே மரியதாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். நேர்மைக்காக எழுதினேன் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது மட்டும் காரணம் இல்லை. அந்தப் பதினாறு வருஷமும் என்னுடையது என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை இருந்தது.

நேர்காணலில் கல்லூரிப் பதிவாளர் அம்மாள் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தந்ததில்லை என்று பாராட்டினார். "இதன் பிரதியை உங்கள் பழைய கம்பெனிக்கு அனுப்பி உறுதி செய்துகொள்கிறோம். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

இல்லை என்றேன்.

அன்றைய குறிப்புக்கு முந்தின பக்கத்தில், அண்ணனின் கடிதம் வந்ததை எழுதியிருக்கிறேன்: "அண்ணனுக்கு இருமல் அதிகம். இந்த வருஷம் போர்டு கூப்பிடும்." இரண்டு பக்கமும் டைரியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. இரண்டையும் எழுதியது ஒரே கை. நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

5

போர்டு என்பது டாக்டர்கள் உட்கார்ந்து நெஞ்சுப் படம் பார்க்கும் கூட்டம். தூசி நோய் என்று அவர்கள் சீட்டு எழுதினால், அந்த ஆளைக் கீழே இறக்க மாட்டார்கள். மேலே இலேசான வேலை, இருக்கிற லைன் வீடு, மருந்து எல்லாம் கிடைக்கும். சீட்டு இல்லையென்றால் கீழே இறங்க வேண்டும், அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்ததாகப் பதிவேட்டில் இருப்பவருக்குத்தான் அந்தச் சீட்டு.

ஆகஸ்டில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே வாரம் சனிக்கிழமை அண்ணனின் கடிதம், பென்சிலில்.

"தம்பிக்கு. போர்டுக்கு போனேன். படம் எடுத்தாங்க. தூசின்னு டாக்டரு சொன்னாரு. சீட்டு எழுதற நேரத்துக்கு கிளார்க்கு ஒரு காயிதத்த எடுத்தாந்து நீ யாருன்னு கேட்டான். பாத்தா உன் கையெழுத்து. பதினோரு நம்பர் போட்டு அழகா எழுதிகிறே. டிக்கெட்ட வாங்கி வச்சிகினாங்க. கீழ எறங்க வேணாம்னாங்க. மேலயும் வேல இல்ல. வெசாரண இருக்குதாம். உனக்கு படிக்க எடம் கெடச்சுதா? எழுது. சூசை."

ஜெயமேரி அதை அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தாள். என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். ஸ்டெல்லா அர்த்தம் கேட்டாள், சொன்னேன்.

"பெரியப்பா ஏன் கோபப்படலை?" என்றாள்.

நான் கடிதத்தை மடித்து டைரிக்குள் வைத்தேன்.

6

படிப்பைப் பற்றி: அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிந்தது. பன்னிரண்டு பேர். என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. உடலியல், அளவீடு, மின்னணுவியல், பாதுகாப்பு என்று நான்கு பாடம், ஒரு செய்முறை ஆய்வு. கணக்குதான் கஷ்டம். சுரங்க ஊர் வழக்கத்தில் நான் லிஃப்டைக் கேஜ் என்றும், மாடியை லெவல் என்றும் சொல்வேன். மூன்றாவது லெவலில் ஒரு நோயாளி என்று நான் சொன்னபோது, அவரை எப்போது மேலே கொண்டுவருவீர்கள் என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது மூச்சளவைக் கருவி. தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட ஒரு பாத்திரம். குழாயில் ஊதினால் பாத்திரம் எழும்பும், அதோடு சேர்ந்த பேனா காகிதத்தில் ஒரு கோடு வரையும். நெஞ்சு எவ்வளவு கொள்ளும், எவ்வளவு வேகமாக விடும் என்பது அந்தக் கோட்டில் தெரியும். அதில் வரும் பிழையைக் குறைப்பதுதான் என் ஆய்வு. ஏன் இதை எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் கம்பெனிக்கு ஐந்து கடிதங்கள் எழுதினேன். வக்கீல் முன்னால் சத்தியம் செய்து, கீழே இறங்கியது என் அண்ணன்தான், நான் ஒரு நாளும் இறங்கியதில்லை என்று எழுதி அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்து போதாது, இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். ஜூன் மாதம், வியாழக்கிழமை, காலை பத்தரை, கோலார் டவுனில் உள்ள விசாரணை ஆபீஸில். என் செய்முறைத் தேர்வும் அதே வியாழக்கிழமை.

ஆசிரியரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் எழுதலாம் என்றார். பணிமனைத் தலைவரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் உன்னை விட முடியுமா என்று சொல்ல முடியாது என்றார். பிறகு அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன்.

"பரீட்சைய எழுதுடா. இவனுங்க இன்னிக்கி இல்லன்னா நாளைக்கு கூப்புடுவானுங்க. எங்க ஓடிடப் போறானுங்க" என்று பதில் வந்தது.

அந்த வரியை டைரியில் மேற்கோள் குறியிட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் கேட்டேன்.

7

தேர்வன்று வழக்கமான ஆறு பத்து பேருந்தில் ஏறினேன். இந்தியாவில் அப்போது பத்து நாற்பது.

தேர்வில் ஓர் ஆளின் மூச்சை அளந்து காட்ட வேண்டும். எனக்கு ஒதுக்கிய ஆள் பக்கத்து ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர், அறுபது வயது. மூக்கில் கிளிப்பை மாட்டும் முன் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரு?"

"இந்தியா. எங்க ஊர்லயும் சுரங்கம்தான். தங்கம்."

"தங்கமா? தங்கத்தை விட்டுட்டு இந்த மழையில வந்து என் மூக்கைப் பிடிக்கிறே. உனக்குப் புத்தி இருக்கா?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த இருமல் எனக்குத் தெரியும்.

"அங்க உன் ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"அண்ணன்."

"நெஞ்சு பாத்தாச்சா? சீட்டு குடுத்துட்டாங்களா?"

"இன்னைக்குத்தான் விசாரணை."

"குடுத்துடுவாங்க. கவலைப்படாதே. எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலை."

மூன்று தரம் ஊதினார். கோடு சுத்தமாக விழுந்தது. அதைப் பார்த்த தேர்வாளர், இந்தக் கருவி இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து தான் பார்த்ததில்லை என்றார். அந்தப் பாடத்தில் வகுப்பில் நான்தான் முதல்.

மூன்று வாரம் கழித்துக் கோலாரிலிருந்து கடிதம் வந்தது. ஒரு தரப்பார் வராததால் கோப்பு மூடப்படுகிறது.

8

சான்றிதழ் வந்து ஐந்தாவது வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். கல்லூரியில் கேட்டு, கையில் எடுத்துப் போகக்கூடிய சின்ன மூச்சளவைக் கருவி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். ஊரிகம் ஸ்டேஷனுக்கு லில்லி அண்ணி மட்டும் வந்திருந்தார். அண்ணனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, முழங்கால் மேல் தலையணையை வைத்து அதன் மேல் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷம் பாறையைக் குடையும் ஜாக்கி டிரில் பிடித்த தோள் இரண்டும் சட்டைக்குள் தொங்கின. கதவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. என் பெயர் போட்டு, எனக்கே எழுதிய நோட்டீஸ்.

"வாடா மரியதாஸு." மூச்சு வாங்கினார். "எந்த மரியதாஸ்னு கேக்காத. நோட்டீஸ படிச்சா தெரியும், வீட்ட காலி பண்ண வேண்டியவன் நீதான்."

"சிரிக்காதீங்க, அப்புறம் முடியாது" என்று அண்ணி அதட்டினார். சொன்னது போலவே முடியவில்லை. அவர் மூச்சு நிதானத்துக்கு வர ஆறு நிமிஷம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் நான் மட்டும் பஸ் பிடித்துக் கோலாருக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் கன்னடக்காரர், நல்ல மனிதர். ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, காப்பி சொல்லிவிட்டு, கோப்பைத் தூசி தட்டிப் பிரித்தார்.

"நீங்க மரியதாஸ். சரிதானே? கீழ எறங்கின டிக்கெட்டு மரியதாஸ் பேர்ல. உங்க நெஞ்சுல தூசி இருக்குதா?"

"இல்லை. நான் இறங்கவே இல்லை."

"உங்க அண்ணா சூசை. சூசை எறங்கினதா ரிக்கார்டு இல்ல. எறங்காதவருக்கு தூசி எப்டி வரும் ஸ்வாமி?"

"எக்ஸ்ரே படம் இருக்கிறதே. பாருங்கள்."

அவர் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். முன்பு நான் பார்த்த படத்தில் மேல்பக்கத்தில் கொஞ்சம் தூவியிருந்தது. இதில் வெள்ளை இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"ஓரத்துல பேரு இன்னா எழுதிகிறாங்க?"

"மரியதாஸ்."

"அப்போ இது உங்க படம் ஸ்வாமி."

கிண்டலாகச் சொல்லவில்லை. காப்பி வந்தது. என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க அந்தக் காயிதம் எழுதாம இருந்தா போன வர்ஷமே முடிஞ்சிருக்கும். இந்த மாதிரி எத்தன பேர் இருக்காங்கன்னு எனக்கு தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சா பரவால்ல. கோப்புல வந்துட்டா நான் இன்னா பண்றது?"

மறுபடியும் திறக்க வழி இல்லையா என்று கேட்டேன். கேட்கலாம் என்றார். ஆனால் ஆள்மாறாட்டம் என்று இரண்டு பேர் மேலும் கேஸ் வரும், வீட்டைக் காலி செய்ய வைக்கக் கம்பெனி இன்னும் ஆள் அனுப்பாமல் இருப்பதே பெரிய விஷயம் என்றார். காப்பியைக் குடித்தேன். பத்தே கால் மணிக்கு உள்ளே போனவன், பதினொன்றுக்கு வெளியே வந்துவிட்டேன்.

அண்ணனிடம் அப்படியே சொன்னேன். "நல்லாத்தான கேட்டிருக்கான்" என்றார். "அவன திட்டாத."

அன்று சாயங்காலம் கருவியை எடுத்து வைத்தேன். குழாயை எப்படிக் கடிப்பது, எப்படி ஊதுவது என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று தரம் ஊதச் சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டாவது தரத்தில் உதடு நீலமாகியது. "இன்னும் ஒண்ணுதான?" என்று மூன்றாவதும் ஊதினார்.

லில்லி அண்ணி என் பின்னால் நின்று பார்த்தார். "இது இன்னா சொல்லுது?"

"அண்ணன் வயசுக்கும் உசரத்துக்கும் வர வேண்டியதுல மூணுல ஒரு பங்குகூட வரல அண்ணி."

"எதுனால?"

"தூசியால."

"அத எழுதிக் குடு. நீ இதுக்குத்தான படிச்சே?"

ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அளந்த தேதி, நேரம், மூன்று அளவுகள், கருவியின் எண். நோயாளியின் பெயர்: சூசை சின்னப்பன். கீழே என் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் புதுப் பட்டம். அந்தப் பட்டத்தை என் பெயரோடு சேர்த்து நான் எழுதியது அதுதான் முதல் தடவை. நான் டாக்டர் இல்லை, இதை ஏற்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி அதற்குள் மடித்து ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அண்ணன் தலையணையில் முகத்தைச் சாய்த்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

9

அண்ணன் இந்த பிப்ரவரியில் இறந்தார். அண்ணியின் கடிதம் மார்ச் முதல் வாரத்தில் வந்தது. கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவர், கையெழுத்து திருத்தமாக இருக்கும்.

"மரியதாஸுக்கு. நீ எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவர் இருக்கும்போதே கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். டாக்டர் எழுதினது இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். சூசை என்று எங்களிடம் நோயாளி இல்லை என்றார்கள். கோலாருக்குப் போனேன். அந்த கிளார்க் மாற்றலாகிப் போய்விட்டார். கல்லறைப் பதிவில் சாமியார் சூசை என்று எழுதினார். அதைக் கொண்டுபோய்க் காட்டினால், எங்கள் ரிக்கார்டில் மரியதாஸ் இன்னும் சாகவில்லை அம்மா என்கிறார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டேன். இப்போது தங்கவயலிலேயே, மைசூர் மைன்ஸில் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். உன் காகிதம் பத்திரமாக இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பசை போட்டிருக்கிறேன். இதை இனி எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று எழுது. நீ எழுதினால் சரியாக இருக்கும். லில்லி."

படிக்க நினைப்பவர்களுக்கு: விண்ணப்பம் மார்ச்சில் போக வேண்டும். பள்ளிச் சான்றிதழ், சர்வீஸ் சர்டிபிகேட், இரண்டு பேரின் பரிந்துரை. எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பணிமனையில் இப்போது நான் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு. சொந்தக்காரர்கள் எழுதும் கடிதம் எதற்கும் மூன்று நாளுக்குள் பதில் எழுதிவிடுவேன். அண்ணியின் கடிதம் வந்து நாலரை மாதம் ஆகிறது. ஆறு தரம் உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணிக்கு" என்று எழுதிவிட்டு, ஆபீஸின் பெயர் வர வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறேன். அப்படி ஓர் ஆபீஸ் இல்லை என்பதுதான் சரியான பதில். அதை எழுதினால், அவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு எங்கே போவார்?